உருமாதிரி அமைக்கக் கற்பித்தல்

பல்கலைக்கழகங்களில் கணிப்பொறிவழி விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்குச் சமன்பாட்டைக் கொடுத்தால் விடை கண்டுவிடுவர். சமன்பாடே இல்லாத ஒரு நிகழ்ச்சியை நோக்கி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போதுதான் தயங்குவர். கணித உருமாதிரி அமைக்கும் திறன் இம்முடிவிலேயே அடங்கியுள்ளது. இதனைக் கற்பிக்கப் பம்பாய்ப் பிளேக்கின் வரலாறு மிகவும் ஏற்றது.

1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை அந்நகரில் வாரந்தோறும் பிளேக்கினால் மாண்டோரின் எண்ணிக்கையைக் கொண்டு, கெர்மாக், மக்கென்ட்ரிக் என்னும் இருவர் 1927-இல் ஓர் உருமாதிரியைச் சோதித்தனர். நோய் தொற்றக்கூடியவர், நோயாளிகள், குணமடைந்தோ இறந்தோ நீங்கியவர் என மக்களை மூன்றாகப் பகுத்தனர்.

இதனை வகுப்பில் சிறிய எண்களால் விளக்கலாம். 1,000 பேர் கொண்ட ஊரில் 10 பேர் நோயாளிகள் என்க. ஒரு நாளில் தோன்றும் புதிய நோயாளிகள் 0.0005 × 990 × 10, அதாவது ஏறத்தாழ 5 பேர். நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது 2 பேர், நீங்குவர். ஆகவே மறுநாள் நோயாளிகள் 13 பேர். இவ்வாறு பத்து நாட்களுக்கு மாணவர் காகிதத்திலேயே கணக்கிடட்டும். கணிப்பொறி பிறகு வரலாம். அவசரப்பட்டு ஏழு நாட்களை ஒரே படியாகத் தாண்டினால், 10 நோயாளிகளில் 14 பேர் நீங்கியதாக விடை வரும்! இது கணக்கிடும் முறையின் பிழையேயன்றி உருமாதிரியின் பிழையன்று.

உருமாதிரியின் பிழை இத்துணை எளிதில் அகப்படாது. பம்பாயின் இறப்பு எண்களோடு அவ்விருவரின் வளைகோடு நன்கு பொருந்திற்று. ஆயினும் அங்குப் பரவிய பிளேக், பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றியதன்று. எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகள் கொணர்ந்தது. அப்பூச்சிகளின் பெருக்கமோ பருவத்திற்கேற்ப மாறுவது. எலிகளின் பங்கை அவ்விருவரும் அறிந்தேயிருந்தனர். தம் கட்டுரையிலும் குறித்துள்ளனர். வளைகோட்டை மட்டும் பிற்காலத்தில் எடுத்தாண்டவர்களே அக்குறிப்பை மறந்தனர் எனலாம். அதனை மட்டும் நம்பி, நோயாளியைத் தனிமைப்படுத்தினால் போதுமென்று முடிவு செய்யும் சுகாதார அதிகாரி, எலியையும் பூச்சியையும் விட்டுவிடுவார், இறப்புக்கள் தொடரும்.

ஆகவே ஆசிரியர், வளைகோடு பொருந்தியதற்காக மட்டும் மதிப்பெண் வழங்குதல் தகாது. கணிப்பொறியைத் தொடுமுன் தாம் கொண்ட கருதுகோள்களை மாணவர் எழுதித் தரவேண்டும். அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எலியைச் சேர்த்தால் இன்னும் எத்தனை எண்கள் தேவைப்படும், அவற்றைக் களத்தில் அளப்பது எவ்வாறு என்னும் வினாக்களை அடுத்து எழுப்பலாம். செத்த எலிகளை எண்ணிப் பதிவு செய்த களப் பணியாளர் ஒருவரை அவ்வகுப்பிற்கு அழைத்தல் பெரும்பயன் தரும்.