மலைப்பாதையில் கியரும் குதிரைத்திறனும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

கொடைக்கானலுக்கு வந்து போகிறவர்கள் ஏரியைப் பற்றி எழுதுவார்கள். குறிஞ்சிப் பூவைப் பற்றி எழுதுவார்கள். மேல்மலைக் கிராமம் ஒன்றில் பிறந்து, படிப்புக்காக மலையிறங்கி வந்த எனக்கோ அந்த ஊர் என்றால் முதலில் சாலைதான் நினைவுக்கு வரும். எங்கள் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் காசாவது அந்தச் சாலையில் இறங்கிய பிறகுதான். அரிசியும் உரமும் மருந்தும் எங்களிடம் வந்து சேர்வதும் அதே சாலையில்தான். அந்தப் பாதையில் சென்ற கோடை விடுமுறையில் நான் கற்ற ஒரு பாடத்தை இங்கே தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது எங்கள் வகுப்பறையில் படித்த பாடந்தான். ஆனால் உயிர் பயத்தோடு படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

என் தாய்மாமன் இருபது ஆண்டுகளாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். எங்கள் ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் புதிதாக ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். கிளட்ச் இல்லாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. மலைப்பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு அதை ஓட்டிச் செல்லும் வேலை மாமாவுக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அதே கொடைக்கானல் மலைப்பூண்டுதான். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

பெருமாள்மலை, ஊத்து எல்லாம் கடந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் சுகமாக இருந்தது. இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. மாமா மட்டும் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். டம்டம் பாறைக்கு மேலே இருக்கும்போது ஏதோ கருகும் நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் மாமாவின் முகம் மாறியது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. வண்டியோ பாதிதான் கேட்டது. அவர் பதறவில்லை. கியர் கம்பியைக் கைமுறைப் பக்கம் தள்ளி ஒவ்வொரு கியராகக் கீழே இறக்கினார். இன்ஜின் உறுமியது, வேகம் தளர்ந்தது. மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டு, என்னை இறக்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். சக்கரங்களின் அருகே கை கொண்டு போக முடியாத அளவு அனல் அடித்தது.

“தானா கியர் மாத்தும்னு சொன்னாங்க மாப்ள. மாத்தத்தான் செய்யுது. ஆனா முன்னால வளைவு வருதுன்னு அதுக்குத் தெரியலையே!” என்றார் மாமா.

சூடு ஆறும் வரை ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். மாமா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்பதை அதன் பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கியர் என்றால் என்ன என்று பார்ப்போம். பழனி மலைக்கோயிலுக்குச் செல்லும் பக்தர்கள் படிவழியாகவும் ஏறலாம், யானைப்பாதை வழியாகவும் ஏறலாம் அல்லவா? ஏறும் உயரம் ஒன்றுதான். படிவழி குறுகியது, ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்கு வேலை அதிகம். யானைப்பாதை நீண்டது, நடை கூடும், ஆனால் ஒவ்வோர் அடியும் எளிது. கீழ்க் கியர் என்பது இன்ஜினுக்கு நாம் காட்டும் யானைப்பாதை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இன்ஜின் பல சுற்றுச் சுற்றுகிறது. வேகம் குறைகிறது, அதற்கு ஈடாக முறுக்கு விசை பெருகுகிறது. முதல் கியரில் நான்கு மடங்கு, பின் அச்சில் மறுபடியும் நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டால், இன்ஜினின் முறுக்கு விசை பதினாறு மடங்காகிச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது குதிரைத்திறன். எழுபத்தைந்து கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறனே ஒரு குதிரைத்திறன். எங்கள் வண்டி, மூட்டை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து மூன்று டன் என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், வண்டி விநாடிக்கு அரை மீட்டர் உயர்கிறது. 3,000 கிலோவை அரை மீட்டர் தூக்கக் கணக்குப்படி 20 குதிரைத்திறன் போதும். டயரின் உராய்வுக்கு இன்னும் ஒரு ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக 25!

இந்த விடை எனக்கே வியப்பளித்தது. காய்கறி ஏற்றும் சாதாரண பிக்கப் வண்டிகளிலேயே எழுபது எண்பது குதிரைத்திறன் உண்டு. தானியங்கி கியரோடு வரும் பெரிய பிக்கப் வண்டிகளில் இசுஸு வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் இன்ஜின் 163 குதிரைத்திறன் தருகிறது. 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜின் 204 தருகிறது. அப்படியிருக்க, வண்டி ஏன் மலையில் திணறுகிறது? திறன் இல்லாததால் அன்று; அந்தத் திறன் பிறக்கும் சுழல்வேகத்தில் இன்ஜின் இல்லாததால்தான். விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் சுற்றும்போது கிடைப்பது. மேல் கியரில் ஆயிரத்து இருநூறு சுற்றில் முனகிக்கொண்டிருக்கும் இன்ஜினிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றைத் தானே உறிஞ்சும் பழைய மாதிரி இன்ஜினுக்கு அதனால் ஐந்தில் ஒரு பங்குத் திறன் போய்விடும். டர்போ பொருத்திய இன்ஜின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது. ஆனால் டர்போவைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைதான். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் புகை குறைவு, டர்போவும் தூங்கும். ஆகவே அதற்கும் மருந்து சரியான கியர்தான்.

இனி, தானியங்கி கியர். இதில் கிளட்சின் இடத்தில் ‘டார்க் கன்வர்ட்டர்’ என்ற ஓர் எண்ணெய்க் கலம் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதைப்போல, இன்ஜினோடு சேர்ந்த விசிறி எண்ணெயைத் தள்ள, கியர்ப் பெட்டியோடு சேர்ந்த விசிறி சுழல்கிறது. நடுவில் இருக்கும் மூன்றாவது விசிறி எண்ணெயைத் திருப்பிவிட்டு, வண்டி புறப்படும்போது முறுக்கு விசையை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தருகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பல்களுக்காக 1905-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. கன்வர்ட்டருக்குப் பின்னால் சூரியனைக் கோள்கள் சுற்றுவது போல் அமைந்த பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று எண்ணெய் அழுத்தம் முடிவு செய்யும். இன்று அந்த அழுத்தத்தை ஆள்வது ஒரு சிறு கணிப்பொறி.

அந்தக் கணிப்பொறி முக்கியமாக இரண்டு செய்திகளைக் கேட்டு நடக்கிறது. ஒன்று, ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துகிறது. மற்றொன்று, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது. சமவெளியில் இந்த இரண்டும் போதும். மலையேற்றத்தில் என்ன நடக்கிறது பாருங்கள். கொண்டை ஊசி வளைவு வருகிறது. ஓட்டுநர் காலைத் தளர்த்துகிறார். ‘இவருக்கு இனி இழுவை தேவையில்லை’ என்று எண்ணிப் பெட்டி மேல் கியருக்குத் தாவுகிறது. வளைவில் பாதி திரும்பியதும் ஓட்டுநர் மிதிக்கிறார்; வண்டி இழுக்கவில்லை. இன்னும் மிதிக்கிறார்; பெட்டி பதறிப்போய் இரண்டு கியர் கீழே இறங்குகிறது. இன்ஜின் அலறுகிறது. வேகம் கொஞ்சம் கூடியதும் மறுபடியும் மேல் கியர், மறுபடியும் திணறல். உர மூட்டைகளோடு திரும்பி ஏறும்போது முதல் சில வளைவுகளிலேயே இந்த ஊசலாட்டத்தைக் கண்ணாரக் கண்டேன். ஒவ்வொரு மாற்றத்திலும் எண்ணெய் சூடாகிறது. அந்தச் சூடே பெட்டிக்குப் பகை. இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஏற்ற இறக்கத்தைக் கணித்துக் கியரைப் பிடித்து வைக்கும் அறிவு சேர்ந்திருக்கிறது. ஆனாலும் அது கடந்த பத்து மீட்டரைத்தான் அறியும். வரப்போகும் பத்து மீட்டரைக் காண்பது ஓட்டுநரின் கண்தான்.

ஏற்றத்தில் இந்தத் தவறால் போவது டீசலும் நேரமும். இறக்கத்திலோ போவது உயிர். இதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையுச்சியில் நிற்கும் மூன்று டன் வண்டி தன் உயரத்திலேயே ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1,800 மீட்டர் இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகத்தான் மாறியாக வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு 180 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! இதில் கால் பங்கை டயர் உராய்வு தாங்கிக்கொள்ளும். மீதி முக்கால் பங்கையும் பிரேக் மட்டுமே தாங்கினால், பத்துப் பதினொரு ஒரு-கிலோவாட் ஹீட்டர்களைச் சக்கரங்களுக்குள் வைத்து இடைவிடாமல் எரியவிட்டதற்கு ஒப்பாகும். சூடேறிய பிரேக் லைனர் பிடிமானத்தை இழக்கிறது. சூடு இன்னும் ஏறினால் பிரேக் எண்ணெயே கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. எண்ணெயை அமுக்க முடியாது; ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எங்களுக்கு அன்று நேரவிருந்தது அதுதான்.

இறக்கத்தில் காலை எடுத்தவுடன் பெட்டி மேல் கியருக்குப் போய்விட்டது. இன்ஜின் சத்தம் கேட்காத அந்தச் சுகமே அபாய அறிவிப்பு! மாமா கியரை இறக்கியதும் என்ன ஆயிற்று? சக்கரங்கள் இன்ஜினை வேகமாகச் சுழற்ற வேண்டியதாயிற்று. இன்ஜினின் உராய்வும், அது காற்றை அமுக்கும் வேலையும் தடையாகி, வெப்பத்தில் பெரும் பங்கை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளின.

ஆகவே, தானியங்கி கியர் வண்டியில் மலைக்குச் செல்லும் நண்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் விதி புதிய வண்டிக்கும் பொருந்தும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் கம்பியைக் கைமுறைப் பக்கம் தள்ளி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிறுத்தி வைக்கலாம். கீழ்க் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும். வேகம் பிடித்த பிறகு போட்டால் பெட்டி ஏற்காமலும் போகலாம். பிரேக்கில் காலைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விட்டுவிட வேண்டும். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவது பேதைமை. ஏனெனில் இன்றைய இன்ஜின், கியரில் இருந்து காலை எடுத்தால் டீசலை அறவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலிலோ தன்னைச் சுழற்றிக்கொள்ள டீசல் குடிக்கும். குறுகலான மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம் மட்டுமன்று. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதன் வேதனையை அறிந்தவர்கள் செய்து வைத்த ஏற்பாடு.

அன்று மாலை உர மூட்டைகளோடு ஏறும்போது மாமா கம்பியைக் கைமுறைப் பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் பிடித்துக்கொண்டார். ஊசலாட்டம் நின்றது. காலையில் கல் வைத்த இடத்தைக் கடக்கும்போது, தூரத்தில் எலிவால் அருவி வெள்ளிக்கோடாகத் தெரிந்தது. மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. “வண்டி நல்ல வண்டிதான் மாப்ள. நாமதான் அதுகிட்ட முழுசா ஒப்படைச்சுட்டோம்” என்றார்.

வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இயந்திரத்தின் வலியை அறிவதும் அதில் ஒரு பங்குதான். கியரை மாற்றும் வேலையை நாம் இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். எப்போது எந்தக் கியர் வேண்டும் என்று அறியும் பொறுப்பை ஒருபோதும் கொடுத்துவிட முடியாது. அடுத்த முறை மலையிறங்கும்போது இன்ஜின் சற்றே உறுமினால் முகம் சுளிக்காதீர்கள், தோழர்களே. அந்த உறுமல்தான் நம்மை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கிறது.