லட்சம் ஆண்டுகளைத் தாண்டிய மான்கள்... குகைப் பற்கள் சொன்ன ரகசியம்!

சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. தமிழில் இரண்டுமே மான்தான். ஆனால், விலங்கியலில் இரண்டும் வெவ்வேறு குடும்பம். புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு வளரும். உதிர்ந்து மறுபடியும் முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்போ ஆயுள் முழுக்க உதிராது.

மண்ணில் புதைந்த எலும்பைப் பார்த்து, 'இது எந்த மான்?' என்று ஆய்வாளர்கள் துப்பறியவும் இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கிறது.

பல்லாவரம் டு பில்லாசுர்கம்

ஆந்திராவில் பேதம்செர்லா அருகே இருக்கின்றன பில்லாசுர்கம் சுண்ணாம்புக்கல் குகைகள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884-85-ல் மகன் ஹென்றியுடன் சேர்ந்து இங்கே அகழாய்வு செய்தார். கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த ரிச்சர்ட் லைடெக்கர், 1886-ல் வெளியிட்ட பட்டியலில் புள்ளிமான், கடமான் எல்லாம் இருந்தன.

பல்தான் சாட்சி!

முழு எலும்புக்கூடு கிடைப்பது அபூர்வம். உடலிலேயே கடினமானது பல் எனாமல் என்பதால், பெரும்பாலும் பற்கள்தான் மிஞ்சும். மானின் கடைவாய்ப் பல்லில் பிறை வடிவ மேடுகள் தெரியும். கடமானுக்குப் பெரிய பல், புள்ளிமானுக்கு அதைவிடச் சிறியது, கேளையாட்டுக்கு இன்னும் சிறியது. வயதாக ஆகப் பல் தேயும் என்பதால் ஒரே ஒரு பல்லை நம்பி முடிவெடுக்க முடியாது. பல பற்களை, இன்றைய மான்களின் எலும்புக்கூடுகளோடு ஒப்பிடுவார்கள். எதனோடும் பொருந்தாவிட்டால்தான் 'அழிந்த இனமோ?' என்ற கேள்வியே எழும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக் குகைகளில் அப்படித்தான், சுமார் 40 செ.மீ. உயரமே கொண்ட குள்ள மான் இனம் அடையாளம் காணப்பட்டது.

21-ல் 20 பாஸ்!

பில்லாசுர்கத்தில் நடந்தது நேர்மாறு. 2014-ல் வெளியான ஆய்வின்படி, அங்கே அடையாளம் காணப்பட்ட 21 வகைப் பாலூட்டிகளில் 20 வகைகள், குறைந்தது 1 லட்சம் ஆண்டுகளாக இந்தியாவில் தொடர்ந்து வாழ்கின்றன. காணாமல்போனது ஒரே ஒரு குரங்கு வகை. அதன் உறவினரான ஜெலாடா குரங்கு, இன்று எத்தியோப்பிய மலைகளில் மட்டுமே இருக்கிறது.

ஐரோப்பாவின் ராட்சத மான் உட்பட உலகெங்கும் பெரிய விலங்குகள் பல அழிந்த காலத்தையும் நம் மான்கள் கடந்து வந்துவிட்டன. மழை பொய்த்தபோதும், காடு சுருங்கியபோதும் வேறு இடம் தேடி நகர்ந்து பிழைத்தவை அவை.

இன்று நகர வேண்டுமென்றால் குறுக்கே சாலை, வேலி, ஊர். அடுத்த முறை காட்டுச் சாலையில் மான் குறுக்கிட்டால், ஹாரன் அடிக்காமல் நின்று வழிவிடுங்கள். வயதில் அது நம்மைவிட ரொம்பப் பெரிய குடும்பம்!