கடைமடை மீன்கள்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஓர் ஆற்றுக்கு ஃப்ரையிங்பேன் என்று பெயர். நம் பாஷையில் வாணலி. பெயர்தான் அப்படி, இங்கே தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த மீனைப் பெரும்பாலும் முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த ஆற்றின் குறுக்கே 1968-ல் கட்டி முடிக்கப்பட்டது ரூடை அணை. கொள்ளளவு சுமார் 1,02,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் நாலரை டி.எம்.சி.

அணையின் அடி மதகு வழியே பனிக்கட்டிபோல் சில்லென்று தண்ணீர் வருகிறது. அதோடு நீர்த்தேக்கத்தில் வளரும் மைசிஸ் என்ற பொடி இறால்களும் வருகின்றன. மதகுக்கு நேர் கீழே உள்ள மடுவில் இவற்றைத் தின்றே டிரவுட் மீன்கள் கொழுத்துக் கிடக்கின்றன. அந்த மடுவுக்குத் தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘டாய்லெட் பவுல்’. இந்த மீன்களைத் தேடி ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். கீழே பசால்ட் என்ற சிற்றூரில் வழிகாட்டிகள், தூண்டில் கடைகள், விடுதிகள் எல்லாமே அவர்களை நம்பித்தான்.

ஆற்றில் இறங்கி நின்றுதான் வீச வேண்டும். விநாடிக்கு 200 கன அடி ஓடும்போது, தொடையளவு தண்ணீரில் காலால் கல்லைத் துழாவிக்கொண்டே அக்கரைவரை போய்விடலாம். 250, 300 என்று ஏறினால் அதே இடத்தில் முழங்காலுக்குப் பின்னால் யாரோ தள்ளுவதுபோல் இருக்கும்; கூழாங்கல் பாதத்துக்கு அடியில் உருளும். வயதானவர்கள் கரையிலேயே நின்றுவிடுவார்கள். வழிகாட்டிக்கு அன்றைய கூலி போயிற்று. அணைக்கு மேலேயும் ஒரு கட்சி உண்டு. கடல் மட்டத்திலிருந்து 7,766 அடி உயரத்தில், பாய்மரப் படகு விடுகிறவர்கள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். கோடை முழுக்க நீர்மட்டம் இறங்கக் கூடாது என்பது அவர்கள் கவலை.

தண்ணீர் கேட்கும் கட்சி கீழே, வெகு தொலைவில் இருக்கிறது. ஃப்ரையிங்பேன் ரோரிங் ஃபோர்க்கிலும், அது கொலராடோ ஆற்றிலும் கலந்து, பாலிசேட் என்ற பீச் பழத்தோட்ட ஊரை அடைகிறது. அங்கே ஆற்றின் பெரும்பகுதி பாசன வாய்க்கால்களுக்குத் திரும்பிவிடும். அதற்கும் கீழே, கன்னிசன் ஆறு வந்து சேரும்வரை உள்ள பதினைந்து மைல்தான் கடைமடை. பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர் என்ற பூர்விக மீன்களுக்கு அதுதான் வீடு. பைக்மின்னோ ஒரு காலத்தில் ஆறடி நீளம்வரை வளர்ந்தது. ரேசர்பேக்குக்குத் தலைக்குப் பின்னால் கத்திமுனைபோல் ஒரு கூன். வெள்ளத்தின் அடியில் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது என்கிறார்கள். இப்போது அந்தக் கூனுக்கு வேண்டியது வெள்ளமல்ல, முதுகு நனைய ஓர் ஓட்டம். வறண்ட ஆண்டின் கோடைக் கடைசிக்கு நிர்ணயித்த அளவு விநாடிக்கு 810 கன அடி. அதுவும் கிடைக்காத ஆண்டுகள் உண்டு.

இந்த வழக்கில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. மேலே தூண்டிலில் மாட்டும் மீன்கள் வந்தேறிகள். பிரவுன் டிரவுட்டின் பூர்விகம் ஐரோப்பா. ரெயின்போ டிரவுட் பசிபிக் கரைப் பக்கத்தது. 1962-ல், ஃப்ளேமிங் கார்ஜ் அணையில் நீர் தேக்குவதற்கு முன், பைக்மின்னோ போன்ற மீன்களை ஒழித்து டிரவுட்டுக்கு இடம் செய்ய, கொலராடோவின் துணையாறான கிரீன் ஆற்றில் நூற்றுக்கணக்கான மைலுக்கு ரோட்டினோன் விஷத்தைக் கலந்தவை அரசுத் துறைகளே. ஐந்தே ஆண்டில், 1967-ல், அதே பைக்மின்னோவை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்ததும் அதே அரசுதான். அதற்காகப் பசால்ட் வழிகாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. விஷம் கலந்தவர் அவரல்ல.

மீன்களை மீட்கும் கூட்டுத் திட்டம் 1988-ல் தொடங்கியது. ரூடையில் ஆண்டுக்கு 5,412 ஏக்கர் அடி மீன்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், கால் டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. வறண்ட ஆண்டுகளில் மாநில நீர் வாரியம் குத்தகைக்கும் தண்ணீர் வாங்கி விடுகிறது. ஆக, கொடுப்பதா வேண்டாமா என்பதில் சண்டை இல்லை. எந்த வாரம், எவ்வளவு வேகத்தில் என்பதில்தான். கோடைக் கடைசியில் அணை அதிகாரிகள், மீன் துறையினர், பாசனக்காரர்கள் எல்லோரும் வாரந்தோறும் தொலைபேசியில் கூடிப் பேசுகிறார்கள். ஃப்ரையிங்பேனில் 250-ஐத் தாண்டாமல் மற்ற அணைகளிலிருந்து ஈடுகட்ட முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியாதபோது ரூடை மதகு இன்னும் கொஞ்சம் உயரும்.

என் கண்ணுக்கு உறுத்துவது வேறு. இதே ஃப்ரையிங்பேனின் தலைப்பகுதி நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்குச் சமவெளிக்குப் போகிறது. ரூடை அணையே அதற்கு ஈடாக மேற்குப் பக்கத்தாருக்குக் கட்டிக் கொடுத்ததுதான். சுரங்கம் எடுத்தது போக, வாய்க்கால் எடுத்தது போக மிஞ்சியதற்குத்தான் தூண்டில்காரரும் கூன்முதுகு மீனும் எதிரெதிரே நிற்கிறார்கள். வாய்க்கால்காரர்களும் சும்மா இல்லை. புது மதகுகள் போட்டு, முன்பைவிடக் குறைந்த தண்ணீரில் வாய்க்காலை ஓட்டுகிறார்கள். மிச்சமானது மீனுக்குப் போகிறது.

செப்டம்பர் பிறந்ததும் படகுகள் கரையேறிவிடும். இலைகள் மஞ்சளாகும் அந்த மாதம்தான் தூண்டிலுக்கு அருமையான பருவம். கடைமடை காய்வதும் அப்போதுதான். அக்டோபர் கடைசியில் பாலிசேட் பக்கம் பாசனம் நிற்கிறது. அதன்பின் அந்தப் பதினைந்து மைலிலும், ரூடையில் யாரும் மதகைத் தொடாமலேயே, ஆறு ஓடத் தொடங்குகிறது.