முழங்கால் தேய்மானம்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் நாம் கேட்கும் குறை முழங்கால் வலி. திருபுவனத்தில் குழித்தறியில் இறங்கி ஏறும் நெசவாளரும், காவிரிப் படுகையில் நாற்று நடும் பெண்டிரும் இதனையே கூறுகின்றனர். கால் ஓய்ந்தால் கூலியும் ஓயுமன்றோ?

எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்தெலும்பு நைந்து, மூட்டு முழுவதும் மாறுதலடைவதே இந்நோய். முதுமை, உடற்பருமன், பழைய காயம், நெடுநாள் குந்திச் செய்யும் வேலை ஆகியன இதற்குக் காரணங்கள். காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் நீங்கும். அதற்குமேல் நீடித்தாலோ, மூட்டுச் சிவந்து காய்ச்சல் கண்டாலோ வேறு நோயாகலாம். உடனே மருத்துவரை நாடுக.

நைந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் முடங்கிக் கிடத்தல் தகாது. தொடைத்தசை மெலிந்தால் வலி மிகும். நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குக. இரு கால்களுக்கும் நாள்தோறும் பத்து முறை செய்க. பருத்த உடலில் 1 கிலோ குறைந்தால், அடிதோறும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடித்தல் வேண்டும்.

கடையில் வாங்கிய வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைப் பயிற்சியை இல்லத்திற்கே கொணர வழிசெய்தது. தறியைக் கைவிடுமுன் அங்கத்தினர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுவார்களாக.