ஒரு சொல்லால் துரோகியானவர்

அமெரிக்க செனட்டர் ராபர்ட் லா ஃபோலட்டை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அவர் வாங்கிய திட்டுதான். ரயில்வே முதலாளிகளை எதிர்த்து வளர்ந்தவர். விஸ்கான்சின் கவர்னராக இருந்து 1906இல் செனட்டுக்குப் போனார்.

1917 ஏப்ரலில் ஜெர்மனி மீது போர் தொடுக்க ஓட்டெடுப்பு. ஆதரவு 82, எதிர்ப்பு 6. அந்த ஆறு பேரில் இவரும் ஒருவர். பிழைக்க வந்து தங்கிவிட்ட ஜெர்மானியக் குடும்பங்கள் நிறைந்த மாநிலத்துக்காரர் வேறு. கேட்க வேண்டுமா!

செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் பேசினார். ஜெர்மனியால் நமக்குக் குறைகள் உண்டு, அதற்காகப் போர் வேண்டியதில்லை என்பதே பேச்சின் சாரம். அசோசியேட்டட் பிரஸ் அனுப்பிய செய்தியிலோ குறையே 'இல்லை' என்று சொன்னதாக வந்துவிட்டது. துரோகி என்றார்கள். செனட்டிலிருந்து நீக்கச் சொல்லி மனுக்கள் குவிந்தன. அவர் படித்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களே நூற்றுக்கணக்கில் கண்டனத்தில் கையெழுத்திட்டார்கள். மெத்தப் படித்தவர்கள்தான்!

1918 மே மாதம் செய்தி நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. செனட்டோ போர் முடியும்வரை காத்திருந்து, 1919 ஜனவரியில்தான் புகாரைத் தள்ளியது. 50க்கு 21. உண்மை வெளிவந்த பிறகும் 21 பேர்!

1924 ஜனாதிபதி தேர்தலில் தனித்து நின்றார். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஓட்டு கிடைத்தும் சொந்த மாநிலத்தில் மட்டுமே வென்றார். மறு ஆண்டு காலமானார். 1957இல் ஜான் கென்னடி தலைமையிலான குழு செனட்டின் தலைசிறந்த ஐவரைத் தேர்ந்தெடுத்தது. அதில் லா ஃபோலட்டும் உண்டு. நீக்கத் துடித்த அதே செனட்டின் வரவேற்பறையில் இன்று அவர் படம் இருக்கிறது.