போலிஷ் கப்பலில் ஏறுகிறீர்களா? காகிதத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள்

போலிஷ் மொழியில் ‘வூச் ரதுன்கோவா’ என்றால், கப்பலைக் கைவிடும்போது எல்லாரும் ஏறித் தப்பும் உயிர்காப்புப் படகு. ‘வூச் ரதோவ்னிச்சா’ என்றால், கடலில் விழுந்தவரைத் தூக்கிவர இறக்கும் மீட்புப் படகு. காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவசரகால அட்டவணையை ஆங்கிலமாக்கியவர் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டிருந்தால், அபாய மணி அடிக்கும்போது போலிஷ் தெரியாத மாலுமி எந்தப் படகை நோக்கி ஓடுவார்?

மொழிபெயர்ப்பு வேறு எங்கே சறுக்கும்?

பாரந்தூக்கியில் ‘டி.ஓ.ஆர்.’ என்று எழுதி ஒரு எண் இருக்கும். அதற்கு மேல் எடை தூக்கக்கூடாது என்று பொருள். மொழிபெயர்க்காமல் விட்டால் புதியவருக்கு அது வெறும் எழுத்து.

‘நோஷ்நோஷ்ச்’ என்பது சரக்கு, எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கப்பல் தாங்கும் எடை. ‘போயெம்னோஷ்ச் புருட்டோ’ கப்பலின் உள்ளளவிலிருந்து கணக்கிடும் எண். அது எடையே அல்ல. இரண்டையும் ‘டன்’ என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. விபத்துக்குக் கப்பல் உரிமையாளர் தரவேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பை, அதற்கென்றே உள்ள 1976-ஆம் ஆண்டு பன்னாட்டு உடன்படிக்கை இரண்டாவது எண்ணை வைத்தே கணக்கிடுகிறது. எண் மாறினால் தொகையும் மாறும்.

சட்டம் என்ன தருகிறது?

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான ‘சோலாஸ்’ உடன்படிக்கைப்படி, கப்பலில் வேலை மொழி எது என்று முடிவுசெய்து பதிவேட்டில் எழுத வேண்டும். கப்பல் பறக்கவிடும் கொடிக்குரிய நாட்டின் ஆட்சிமொழி வேறாக இருந்தால், ஒட்டிவைக்க வேண்டிய வரைபடங்களிலும் பட்டியல்களிலும் வேலை மொழியின் மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைப் போலந்து 2012-இல் ஏற்றது. அதன்படி, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் பிறரிடம் ஆலோசனை கேட்கவும் மாலுமிக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இல்லையென்றால், வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் அதன் மாதிரிப் படிவம் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. ஏறிய முதல் நாளே அவசரகால அட்டவணையில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள வேலையையும் படகையும் நேரில் போய்ச் சரிபாருங்கள்.

2. ஐயமுள்ள சொல்லுக்கு அகராதி போதாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) உடன்படிக்கைகளின் ஆங்கில வாசகத்தில் உள்ள சொல்லே வேண்டும் என்று கேளுங்கள்.

3. வழக்குக்குப் போகும் ஆவணத்தைப் போலந்து நீதி அமைச்சகப் பட்டியலில் உள்ள, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அவருக்குக் கப்பல் துறை தெரியுமா என்றும் விசாரியுங்கள். போலிஷ் மூலத்தின் நகலைக் கைவசம் வைத்திருங்கள்.

4. குறையை முதலில் மேலதிகாரியிடமோ கேப்டனிடமோ எழுதிக் கொடுங்கள். தீராவிட்டால் கப்பல் நிற்கும் துறைமுகத்தின் ஆய்வாளரிடம் போகலாம். போலந்தில் கிதினியா, ஷ்செச்சின் நகரங்களில் உள்ள கடல்சார் அலுவலகங்கள் இதற்குப் பொறுப்பு. புகார் தந்தவர் யார் என்பதை ரகசியமாக வைக்க ஆய்வாளர்கள் கடமைப்பட்டவர்கள். புகார் செய்ததற்காக உங்களைப் பழிவாங்குவதையும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடைசெய்கிறது.