இழை அறுந்தால் தறியை நிறுத்தும் புரதம்... கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் அதற்கு என்ன ஆகிறது?

காஞ்சிபுரம், செவிலிமேட்டில் பட்டுச்சேலை நெய்பவர்களுக்கு இது கைவந்த பாடம். பாவில் ஓர் இழை அறுந்தால், உடனே தறியை நிறுத்த வேண்டும். இழையைப் பிணைத்த பிறகுதான் நெசவு தொடரும். கவனிக்காமல் நெய்தால், அந்தக் குறை சேலை நெடுக ஓடிவிடும்.

நம் செல்களுக்குள்ளும் இப்படி ஒரு நெசவாளி உண்டு. 1979-ல் கண்டறியப்பட்ட அந்தப் புரதத்தின் பெயர் பி53.

ஒரே புரதம், பல வேலைகள்

டி.என்.ஏ சேதமடைந்தால், செல் இரண்டாகப் பிரிவதை பி53 நிறுத்திவைக்கும். பழுதுபார்க்கும் வேலையைத் தூண்டும். சரிசெய்யவே முடியாது என்றால், அந்தச் செல்லைத் தானாகவே அழியச் செய்யும். 1992-ல் பிரிட்டன் விஞ்ஞானி டேவிட் லேன் இதை 'மரபணுத் தொகுதியின் காவலர்' என்றார். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் பாதியில், இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதாகியிருக்கிறது.

காவலரை வீழ்த்தும் வைரஸ்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மரபணு நன்றாகவே இருக்கும். ஆனால், ஹெச்.பி.வி வைரஸின் 'ஈ6' என்ற புரதம், உருவாகும் பி53-ஐ எல்லாம் செல்லே சிதைத்துவிடும்படி செய்துவிடுகிறது. காவலர் இல்லாத செல், குறையோடு பெருகுகிறது. இந்தப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவிகிதத்துக்கு ஹெச்.பி.வி 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம்.

ஒரு நல்ல செய்தி... இந்தத் தொற்று பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். நீடித்தாலும், புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நாம் விழித்துக்கொள்ள அத்தனை அவகாசம் இருக்கிறது.

அம்மாவுக்கும் மகளுக்கும்...

9 முதல் 14 வயதுக்குள் மகளுக்கு ஹெச்.பி.வி தடுப்பூசி போடுவது சிறந்தது. 30 வயதைக் கடந்த அம்மா, தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகோ, தாம்பத்யத்துக்குப் பிறகோ ரத்தக்கசிவு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

காஞ்சிபுரத்தில் பிறந்த முன்னாள் முதல்வர் அண்ணா, 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. கூச்சத்தை ஒதுக்கிவிட்டு முன்கூட்டியே பரிசோதித்தால், சிகிச்சைக்காக அங்கே நாள்கணக்கில் காத்திருக்கும் நிலையைப் பல பெண்கள் தவிர்க்கலாம்.